ஏழை பட்ட காயத்துக்கு விலை கிடையாது

தோட்டத்துப் பாட்டாளி மக்களே! காசுள்ளவன் ஏழையை வெட்டிப்புட்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு போகலாமா? கூடவே கூடாது என்று வாதாடியவர், தாமே ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை!

அவர்தான் செசாரே பெக்காரியா. இத்தாலியின் மிலான் நகரில் 1738-இல் பிறந்தார். அக்காலத்தில் அங்கே பிரபுவுக்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதி. 1764-இல், 26 வயதில், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிச் சிறு நூல் எழுதினார். ஆபத்துக்கு அஞ்சி முதலில் பெயர் போடவில்லை.

அடிச்சவன் யாருன்னு பார்க்கக்கூடாது, விளைந்த கேட்டைத்தான் பார்க்கணும். ஆளைத் தாக்கியவனைப் பணத்தால் தப்பவிடக்கூடாது. அளவுக்கு மீறிய கொடுமையும் ஆகாது என்பதே அவர் வாதம். சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்தார். 1786-இல் டஸ்கனி நாடு இரண்டையும் ஒழித்தது. 1794-இல் கண்மூடினார்.

இன்று கோர்ட்டில் ஆயுதம் என்ன, காயம் எவ்வளவு என்று எடைபோட்டுத் தண்டனை கொடுக்கிறார்களே, அந்தத் தராசைச் செய்து கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.