துறைமுக எழுத்தருக்குக் கிடைத்த துணை

வேலைப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் பலருக்கு முதல் வாரம்தான் கடினமானது. யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது என்று தெரியாது. கணித மேதை சீனிவாச ராமானுஜனும் ஒரு காலத்தில் அப்படி அலுவலகத்திற்குள் புதிதாக நுழைந்தவர்தான்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தில் மட்டுமே மனம் சென்றதால், மற்ற பாடங்களில் தவறிக் கல்லூரித் தேர்வில் தோற்றார். பட்டம் இல்லாத நிலையில் 1909ல் திருமணமும் நடந்தது. நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் கொடுத்து உதவினார். ஆனால், பிறர் உதவியில் நெடுநாள் வாழ ராமானுஜனுக்கு விருப்பமில்லை.

1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அங்கு அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். புதிய எழுத்தரின் திறமையை அவர் விரைவிலேயே புரிந்துகொண்டார். மாலை வேளைகளில் திருவல்லிக்கேணியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து கணக்குப் போட்டனர்.

ராமானுஜன் பல படிகளைத் தாவி நேராக விடைக்குச் சென்றுவிடுவார். தமக்கே புரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்ட நாராயண ஐயர், இடைப்பட்ட படிகளையும் எழுதும்படி வற்புறுத்தினார். திறமையைப் பாராட்டுவதோடு நின்றுவிடாமல், அதைப் பிறருக்கு விளங்கவைக்கவும் அவர் பழக்கினார். கழகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கின் ஆதரவும் ராமானுஜனுக்குக் கிடைத்தது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். துறைமுக அலுவலக எழுத்தர் என்றே அதில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17ஆம் தேதி அவர் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் ஹார்டியும் லிட்டில்வுட்டும் அவருடைய தன்னம்பிக்கை குலையாதபடி நவீன கணித முறைகளைக் கற்றுக்கொடுத்தனர். 1918ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

எனினும், ஆய்வுக்குத் துணை கிடைத்த அளவுக்கு அன்றாட வாழ்க்கைக்குத் துணை கிடைக்கவில்லை. சைவ உணவு உண்ட அவர், தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். முதல் உலகப் போர் மூண்டதும் காய்கறி கிடைப்பது அரிதானது. குளிரும் தனிமையும் வாட்டின. 1917ல் நோய்வாய்ப்பட்டார், 1919ல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, தமது 32வது வயதில் காலமானார்.

புதியவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுப்பது பாதி உதவிதான். அவர் எங்கே தங்குகிறார், யாருடன் உண்கிறார் என்று விசாரிப்பது மறுபாதி. உங்கள் வகுப்பிலோ, இணைப்பாட நடவடிக்கைக் குழுவிலோ, பயிற்சி இடத்திலோ புதிதாக ஒருவர் சேர்ந்தால், வேலை புரிந்ததா என்று கேளுங்கள். அதோடு, சாப்பிட்டாயா என்றும் கேளுங்கள்.