தோட்டம் காத்த துன் சம்பந்தன்

கேமரன் மலையில் காலைப்பொழுது பனியோடுதான் விடிகிறது. பனி விலகும்போது மலைச்சரிவுகளில் வரிவரியாகத் தேயிலைச் செடிகள் தெரிகின்றன. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே இம்மலைக்கு நிலைத்துவிட்டது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். தோட்டத்திலேயே அவர்களுக்கு லயத்து வீடு இருந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி இருந்தது. வழிபடக் கோயிலும் இருந்தது. ஆயினும், அவர்கள் குடியிருந்த வீடு அவர்களுக்குச் சொந்தமானதன்று. அது தோட்டத்தின் வீடு. வேலை உள்ளவரைதான் வீடும் உண்டு.

அப்படியானால், தோட்டமே விற்கப்பட்டால் அங்குள்ள மக்களின் நிலை என்னவாகும்? இக்கேள்வி 1950களில் நம் நாட்டின் ரப்பர்த் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கலங்கச் செய்தது. அக்கேள்விக்கு விடை தேடித் தோட்டந்தோட்டமாகச் சென்ற தலைவர்தான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள்.

திருஞானசம்பந்தன் என்பது அவருடைய முழுப்பெயர். அவர் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவருடைய தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். சம்பந்தன் கோலகங்சாரில் உள்ள கிளிப்பர்ட் பள்ளியில் பயின்றார். பின்னர், தமிழகத்தின் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். வசதியான குடும்பத்தில் பிறந்தவராயினும், பால்மரம் சீவும் தொழிலாளர்களின் வாழ்க்கையை இளமையிலிருந்தே அருகிலிருந்து கண்டவர் அவர். நாடு திரும்பியபின் பொதுப்பணியில் ஈடுபட்டார். 1954ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி உருவாக முன்னின்று உழைத்தார்.

1955ஆம் ஆண்டு மலேசிய இந்தியர் காங்கிரசின் முன்னோடியான மலாயா இந்தியர் காங்கிரசுக்கு அவர் தலைவரானார். அவ்வாண்டு நடைபெற்ற நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் வெற்றி பெற்று, துங்கு அப்துல் ரஹ்மான் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராகப் பொறுப்பேற்றார். 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது சுகாதார அமைச்சராக விளங்கினார். பின்னர் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

இக்காலக்கட்டத்தில்தான் தோட்டத் துண்டாடல் என்னும் சிக்கல் தலைதூக்கியது. அதற்குப் பல காரணங்கள் இருந்தன. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், சம்பந்தனின் சொந்த ஊரான சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பின்னர், நாடு விடுதலையை நோக்கி நடைபோட்டது. புதிய அரசின் கொள்கை எவ்வாறு அமையுமோ என்று ஐரோப்பிய முதலாளிகள் சிலர் ஐயுற்றனர். நல்ல விலை கிடைக்கும்போதே தோட்டத்தை விற்றுவிட எண்ணினர்.

வாங்க முன்வந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்தை நடத்துவதற்காக வாங்கவில்லை. இடைத்தரகர்கள் முழுத் தோட்டத்தையும் வாங்கி, அதனைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துப் பலருக்கு விற்று ஆதாயம் தேடினர். தேயிலைக் கொழுந்தைப் பறித்தவுடன் ஆலைக்குக் கொண்டு சென்றாக வேண்டும். ஆகவே, ஆலையை விட்டுப் பிரித்துத் தேயிலைக் காட்டைத் துண்டுபோடுவது எளிதன்று. பால்மரத்தின் நிலை வேறு. சில ஏக்கர் மரம் இருந்தாலும் ஒருவர் சீவிப் பயன்பெறலாம். இதனால் ரப்பர்த் தோட்டங்களே துண்டாடலுக்கு அதிகம் உள்ளாயின.

துண்டு நிலத்தை வாங்கியவருக்கு மரங்கள் வேண்டும். தொழிலாளர் குடும்பங்கள் வேண்டா. பெரிய தோட்டத்திற்குத்தான் லயமும் மருந்தகமும் பள்ளியும் தேவை. பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு இவை சுமையாகவே தோன்றின. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். சிலர் குத்தகைக்காரரிடம் குறைந்த கூலிக்கு வேலை செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். பாட்டன் காலத்திலிருந்து வாழ்ந்த லயத்தை விட்டு வெளியேறும்படி குடும்பங்களுக்கு அறிவிப்பு வந்தது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்டு முடித்த பின்னரே, அங்குக் குடியிருந்தவர்களுக்குச் செய்தி தெரிந்தது. அவர்களை யாரும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. 1951 முதல் 1960 வரை நடைபெற்ற துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் மேற்கொண்ட ஆய்வு, இச்சிக்கலை நாட்டின் கவனத்திற்குக் கொண்டுவந்தது.

துண்டாடலைச் சட்டத்தின்வழித் தடுக்க வேண்டும் என்று தோட்டத் தொழிற்சங்கம் வலியுறுத்தியது. சம்பந்தன் வேறு வழியையும் சிந்தித்தார். தோட்டம் விலைக்கு வருகிறது என்றால், அதனைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக்கூடாது என்பதே அவருடைய எண்ணம். தனியொரு தொழிலாளியால் ஒரு தோட்டத்தை வாங்க முடியாது. ஆனால், நாட்டிலுள்ள தோட்டத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்தால் முடியும். இந்த நம்பிக்கையில் 1960ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்று வகை செய்யப்பட்டது.

இன்று 10 வெள்ளி சிறிய தொகையாகத் தோன்றலாம். அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு அது பல நாள் அடுப்பெரியச் செய்யும் பணம். மழை பெய்தால் மரம் சீவ முடியாது. சீவாத நாளுக்குக் கூலி இல்லை. மழை மாதத்தில் கடையில் கடன் ஏறும். அப்படிப்பட்ட குடும்பத்திடம், கண்ணால் காணாத ஒரு தோட்டத்திற்காக மாதந்தோறும் 10 வெள்ளி கேட்பது எளிய செயலன்று. மேலும், முன்பு பலவிதச் சந்தாக்களைக் கட்டி ஏமாந்த அனுபவமும் பலருக்கு இருந்தது. அவர்களின் ஐயம் நியாயமானதே.

ஆகவே, கோலாலம்பூரில் அமர்ந்துகொண்டு அறிக்கை விடுவதால் பயனில்லை என்பதைச் சம்பந்தன் உணர்ந்தார். அமைச்சர் பணியின் நெருக்கடிக்கிடையே தோட்டந்தோட்டமாகப் பயணம் செய்தார். அவருடைய துணைவியார் உமாசுந்தரி அம்மையாரும் இம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றார். தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்பிய பிறகே கூட்டம் நடத்த முடியும். அமைச்சர் ஒருவர் தங்கள் லயத்தின் வாசலுக்கு வந்து, தங்கள் மொழியில் கணக்கை விளக்கியது தொழிலாளர்களுக்குப் புதிய அனுபவமாக இருந்தது. பணம் எங்குப் போகும், தோட்டத்தை யார் நடத்துவார், ஆதாயம் எவ்வாறு பங்கிடப்படும், இடையில் விலக நேர்ந்தால் கட்டிய பணம் என்னவாகும் என்பன போன்றவை தீர்க்க வேண்டிய ஐயங்களாக இருந்தன. அவற்றைத் தீர்க்காமல் ஒருவரையும் உறுப்பினராக்க இயலாது. எவரையும் கட்டாயப்படுத்தவும் இயலாது. சேர்வதா, வேண்டாவா என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தாமே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

இத்திட்டத்தில் இன்னொரு சிறப்பும் இருந்தது. விற்பனைக்கு வந்த தோட்டத்தில் வேலை செய்பவர்கள் மட்டுமே பணம் கட்டினால் போதாது. தங்கள் தோட்டத்திற்கு எந்த ஆபத்தும் இல்லாதவர்களும் சேர வேண்டும். தெற்கே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவுபவர் கட்டும் பணம், வடக்கே அவர் முகமறியாத ஒரு குடும்பத்தின் கூரையைக் காக்கும். நாளை அவருடைய தோட்டத்திற்கே ஆபத்து வந்தால், மற்றவர்களின் பணம் அவருக்கு உதவும். கூட்டுறவு என்னும் சொல்லின் பொருளைத் தொழிலாளர்கள் பாடநூலில் படித்து அறியவில்லை. தங்கள் சம்பளப் பணத்தைக் கொடுத்து அறிந்தனர்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது பழமொழி. 1961ஆம் ஆண்டில் அச்சொல் மெய்யாயிற்று. கெடா மாநிலத்தில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் விலைக்கு வாங்கியது. அதுவே சங்கத்தின் முதல் தோட்டம். பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, மற்றவருக்காக உழைத்து வந்த தொழிலாளர்களின் சமூகம் ஒரு தோட்டத்தின் உரிமையாளராகவும் ஆனது. தோட்டம் துண்டாகாமல் நின்றது. மரங்களோடு வேலையும் வீடும் நிலைத்தன. இவ்வெற்றியைக் கண்டபின் ஐயுற்றவர்களும் சங்கத்தை நம்பத் தொடங்கினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் சங்கம் மேலும் பல தோட்டங்களை வாங்கியது.

எனினும், எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காக்க முடியவில்லை. தோட்டங்கள் விற்கப்பட்ட வேகத்திற்கு ஈடுகொடுக்கும் அளவுக்குத் தொழிலாளர்களிடம் பணம் இல்லை. துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் புறம்போக்கு வீடுகளில் குடியேற நேர்ந்தது. சங்கத்தின் வெற்றியைப் போற்றும்போது இந்த உண்மையையும் நாம் மறக்கக்கூடாது. ஒரு நல்ல முயற்சி சற்று முன்னரே தொடங்கப்பட்டிருந்தால் இன்னும் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க இது நம்மைத் தூண்டுகிறது.

1967ஆம் ஆண்டில் சம்பந்தன் அவர்களுக்குத் துன் என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது. பின்னர், தேசிய ஒற்றுமை அமைச்சராகவும் அவர் பணியாற்றினார். 1973ஆம் ஆண்டில் பிரதமரும் துணைப்பிரதமரும் இல்லாத வேளையில், ஒரு நாள் பிரதமர் பொறுப்பையும் கவனித்தார். அவ்வாண்டே கட்சித் தலைமையிலிருந்து விலகினார். பதவிகள் வந்து போயினும், கூட்டுறவுச் சங்கத்தின் மீது அவர் கொண்ட பற்று மாறவில்லை. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், தம் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதமே இருந்தபோது, அவர் இயற்கை எய்தினார்.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்சில் உள்ள முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள மோனோரெயில் நிலையத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. விஸ்மா துன் சம்பந்தன் என்னும் கட்டடத்திலிருந்து சங்கம் தொடர்ந்து இயங்கி வருகிறது. மாதம் 10 வெள்ளி கட்டிய தொழிலாளர்களின் பெயர்கள் எந்தச் சாலையிலும் இல்லை. ஆயினும், அவர்கள் இணங்கியிராவிட்டால் சம்பந்தனின் திட்டம் தாளிலேயே நின்றிருக்கும்.

இன்று நம் நாட்டில் நிலம் மாற்றம் பெறுவது ரப்பர்த் தோட்டங்களில் மட்டுமன்று. பட்டணங்களில் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. கேமரன் மலையிலும் காய்கறித் தோட்டங்களும் தங்கும்விடுதிகளும் சாலைகளும் பெருகி வருகின்றன. 1976ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்து, அவர்களின் கருத்துகளையும் மறுப்புகளையும் பெற வேண்டும். மாவட்ட மன்றம் அவ்வாறு வரைவை வைக்கும்போது, அதனைச் சென்று பார்த்துக் கருத்துரைக்கும் உரிமை பட்டணத்தாருக்கும் உண்டு. மலையிலுள்ள லயத்துக் குடும்பத்துக்கும் உண்டு.

துண்டாடல் காலத்துத் தொழிலாளர்களுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அவர்களைத் தேடி ஒரு தலைவர் செல்ல வேண்டியிருந்தது. ஓர் இடத்தின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் முன், அங்கு வாழ்பவர்களிடம் சென்று பேச வேண்டும். அவர்களின் ஐயத்தைப் பொறுமையோடு தீர்க்க வேண்டும். அவர்கள் இணங்கிய பின்னரே செயலில் இறங்க வேண்டும். துன் சம்பந்தன் அவர்களின் வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்றுள்ள பாடம் இதுவே.