மூளையின் ரத்தக்குழாயைப் படம் பிடித்தவர்

போர்ச்சுகீசியர் என்றதும் மலாக்கா மாணவர்களான நமக்கு 1511-ஆம் ஆண்டும் ஆ ஃபமோசா கோட்டையும்தான் நினைவுக்கு வரும். பக்கவாதத்தைப் பற்றிப் படிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய போர்ச்சுகீசியர் ஒருவரும் இருக்கிறார்: ஏகாஸ் மோனிஸ்.

1874-இல் பிறந்த அவர் லிஸ்பனில் நரம்பியல் பேராசிரியர். இடையில் அரசியலில் இறங்கி வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கியதோ ஐம்பது வயதுக்குப் பிறகுதான்!

அன்றைய எக்ஸ்ரேயில் மண்டையோடு தெரியும். உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் தெரியாது. எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் மருந்தைக் கழுத்துத் தமனியில் செலுத்தினால் குழாய்களின் வடிவம் படத்தில் விழும் என்று மோனிஸ் கணித்தார். மூட்டுநோயால் அவருடைய கைகள் கோணியிருந்தன. அதனால் உதவியாளர் அல்மெய்டா லிமாவே மருந்தைச் செலுத்தினார். ஸ்ட்ரான்சியம் புரோமைடு செலுத்தப்பட்டவர்களில் ஒருவர் இறந்துபோனார். அதைக் கைவிட்டு சோடியம் அயோடைடுக்கு மாறினார்கள். 1927 ஜூன் 28-இல், 20 வயது இளைஞர் ஒருவரின் மூளைத் தமனிகள் படத்தில் தெளிவாகத் தெரிந்தன.

இன்று கழுத்துத் தமனி சுருங்கியவர்களில் சிலருக்குத் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைக்கிறார்கள். சுருக்கம் எங்கே என்பதை மருத்துவர் திரையில் பார்ப்பது மோனிஸ் காட்டிய வழியில்தான்.

இதற்காக நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1949-இல் அவருக்குப் பரிசு வந்தது வேறொன்றுக்கு: மனநோயாளிகளின் மூளை நரம்பிழைகளை வெட்டும் சிகிச்சைக்கு. அது பலரை உணர்ச்சியற்றவர்களாக்கியது. பின்னர் மருத்துவ உலகமே அதைக் கைவிட்டது. பரிசு தவறான இடத்துக்குப் போய்விட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. மோனிஸ் 1955-இல் லிஸ்பனில் காலமானார்.