அண்ணாவியாருக்கு முன்னால் மாணவராக நின்ற பேராசிரியர்

பேராசிரியர் சு. வித்தியானந்தன் மறைந்து 35 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. என் வயதை ஒத்தவர்களில் பெரும்பாலானோர் அவரை இரண்டு காரணங்களால் அறிந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். மற்றது, 1974இல் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவர். ஊடகக் கற்கை படித்த காலத்தில் நானும் அவரை அப்படித்தான் குறிப்பெடுத்துக்கொண்டேன். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் மட்டக்களப்பின் கிராமங்களில் கூத்து விழாக்களையும் சிறுவர்களுக்கான கூத்துப் பயிற்சிப் பட்டறைகளையும் பற்றி எழுதத் தொடங்கிய பிறகு, அந்தப் பெயர் வேறொரு பக்கத்திலிருந்து என் காதில் விழத் தொடங்கியது. மத்தளம் அடிக்கிற முதியவர்கள் அவரைத் துணைவேந்தராக நினைவு வைத்திருக்கவில்லை. கூத்தைத் தேடி ஊருக்கு வந்த யாழ்ப்பாணத்து ஐயா என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். நான் இங்கே சொல்லப்போவது அந்த ஐயாவின் கதையை.

வித்தியானந்தன் 1924 மே 8ஆம் திகதி தெல்லிப்பழையைச் சேர்ந்த வீமன்காமத்தில் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். அங்கே தமிழுக்கு முதற் பேராசிரியராக 1943இல் வந்து சேர்ந்தவர் மட்டக்களப்பு காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர். பட்டம் பெற்ற சில காலத்திலேயே வித்தியானந்தன் விரிவுரையாளரானார். பின்னர் இலண்டன் சென்று, பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பினார். சங்க காலத் தமிழரின் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய ‘தமிழர் சால்பு’ பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது.

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. அவற்றில் நான்கு பொருநரையும் பாணரையும் கூத்தரையும் பற்றியவை. பாடியும் ஆடியும் பிழைக்கிற மனிதர்கள் எந்த வழியால் போக வேண்டும், எந்த வாசலில் அவர்களுக்குச் சோறும் பரிசிலும் கிடைக்கும் என்று சொல்லும் நூல்கள் அவை. அந்தக் கூத்தரைக் கொண்டாடி ஆராய்ச்சி செய்த படித்த தமிழ்ச் சமூகம், தன் காலத்துக் கூத்தரைக் கூத்தாடி என்று இளக்காரமாகத்தான் அழைத்தது. வித்தியானந்தனின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகத் தெரிவது, அந்த இடைவெளியை அவர் தன் காலால் நடந்து கடந்தார் என்பதே.

பேராதனையில் அவருக்கு நாடகத்தோடு பரிச்சயம் ஏற்கனவே இருந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் எழுதிய நாடகங்களைப் பல்கலைக்கழக மேடையில் அவர் தயாரித்து வந்தார். அவை வீட்டுக்குள் நடக்கும் கதைகள். 1956 நவம்பரில் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்களக் கிராமிய நாடகமான நாடகமவின் ஆட்டத்தையும் பாட்டையும் எடுத்து, நவீன மேடைக்கு ஏற்ப அவர் அதை ஆக்கியிருந்தார். நாடகம என்ற அந்த வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து சிங்களக் கிராமங்களுக்குப் போனது. தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே ஆண்டு அது. தங்கள் தேசிய நாடகம் என்று சிங்கள மக்கள் கொண்டாடிய ஒன்றின் வேர் தமிழ்க் கிராமங்களில் கிடக்க, அந்த வேரைத் தமிழ்ப் படிப்பாளிகள் திரும்பியும் பார்க்காமல் இருந்தார்கள்.

1950களின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்கு வித்தியானந்தன் தலைவரானார். கொழும்பில் கூட்டம் கூடிக் கலைவது அந்தப் பதவிக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அவர் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்கும் போனார். கூத்துப் போட்டிகளை நடத்தினார். அண்ணாவிமாரை மாநாடாகக் கூட்டினார், மேடையில் ஏற்றிக் கௌரவித்தார். பாடசாலைகளுக்கிடையே நாட்டுக்கூத்துப் போட்டிகள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஊர்க் கோயிலடியில் மட்டும் அறியப்பட்டிருந்த அண்ணாவியார், பாடசாலைக்குள் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கும் ஆசானாகப் போக முடிந்தது.

கூத்தைக் கண்டிராத இளம் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மட்டக்களப்பில் கூத்து என்பது ஓரிரவு நிகழ்ச்சி மட்டும் அல்ல. யார் யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானித்துச் சட்டம் கொடுப்பதில் அது தொடங்கும். பிறகு மாதக் கணக்கில் இரவிரவாகப் பழகுவார்கள். சதங்கை அணியும் நாள் வரும். அடுக்குப் பார்ப்பார்கள். கடைசியில் வட்டக் களரியில் அரங்கேற்றம், விடியும் வரை. அண்ணாவியார் நடுவில் நின்று மத்தளம் அடிப்பார், பாட்டுத் தொடுப்பார், பிழை விட்டவனைத் திருத்துவார். வடமோடி பெரும்பாலும் இதிகாசக் கதையும் போரும். தென்மோடியில் பெரும்பாலும் காதலும் மங்கள முடிவும். இரண்டுக்கும் ஆட்டம் வேறு, தாளம் வேறு. ஊரே சேர்ந்து செய்கிற வேலை அது.

இந்தக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஆட வைப்பது என்று வித்தியானந்தன் முடிவு செய்தபோது, பழக்குவதற்கு அவர் அழைத்து வந்தவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். பட்டம் எதுவும் இல்லாத ஒரு கிராமத்துக் கலைஞர், நாட்டின் முதன்மைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக நின்றார். இலண்டன் கலாநிதி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவராக இருந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, பின்னர் ‘வாலி வதை’. ஆடியவர்களில் கிழக்கிலிருந்து வந்த மாணவர்கள் பலர். பிற்காலத்தில் பேராசிரியரான சி. மௌனகுரு அவர்களில் ஒருவர். ஊரில் கூத்து ஆடியதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருக்கக்கூடிய ஒரு கிராமத்துப் பையனுக்கு, அந்த ஆட்டமே பல்கலைக்கழகத்தில் மதிப்பைத் தேடித் தந்தது.

விடிய விடிய ஆடும் கூத்தை அவர் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருக்கினார். வட்டக் களரியில் நான்கு பக்கமும் சனம் பார்த்ததை, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்கு மாற்றினார். திரும்பத் திரும்ப வரும் பாடல்களைக் குறைத்து, உணர்ச்சிக்கும் நடிப்புக்கும் இடம் கொடுத்தார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்தையே கண்டிராதவர்கள் டிக்கெட் எடுத்து வந்து பார்த்தார்கள்.

மேடையைவிட அமைதியாக அவர் செய்த இன்னொரு வேலை பதிப்பு. கூத்து அண்ணாவிமாரின் நினைவிலும், அவர்கள் கையால் எழுதி வைத்திருந்த கொப்பிகளிலும் மட்டுமே இருந்தது. 1960களில் மட்டக்களப்பின் ‘அலங்காரரூபன்’, மன்னார்க் கத்தோலிக்க மக்களின் ‘என்றிக் எம்பரதோர்’, ‘ஞானசௌந்தரி’ போன்ற நாடகங்களை அவர் அச்சில் கொண்டுவந்தார். மட்டக்களப்பு, மன்னார் நாட்டார் பாடல்களும் அவர் பதிப்பில் நூல்களாயின. அன்றைக்கு அது சாதாரண பதிப்பு வேலையாகத் தெரிந்திருக்கும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் இழந்த நமக்கு அதன் பெறுமதி வேறு. படுவான்கரைக் கிராமம் ஒன்றில் நான் சந்தித்த முதிய அண்ணாவியார், ஓடும்போது பிள்ளைகளையும் ஒரு மூட்டை அரிசியையும் தூக்கியதாகவும், கொப்பி வீட்டோடு போய்விட்டதாகவும் சொன்னார். இன்று அவர் பட்டறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது முழுக்க நினைவிலிருந்து. நடுவில் சில பாட்டுகள் வருவதில்லை என்றார். அப்படி வராமல் போன இடங்களில், அச்சில் உள்ளவை மட்டுமே திரும்பக் கிடைக்கின்றன.

1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாடு. அதை யாழ்ப்பாணத்தில் நடத்தவே அவரும் மாநாட்டுக் குழுவினரும் உறுதியாக நின்றனர். அரசு கொழும்பையே விரும்பியது. மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. ஜனவரி 10ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் திரண்டிருந்த சனத்தின் மேல் பொலிசார் நடத்திய தாக்குதலில் உயிர்கள் பறிபோயின. 9 பேரின் நினைவாக எழுந்த தூண்களை நாம் எல்லோரும் அறிவோம். மாநாட்டின் தலைவராக இருந்தவர் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் மீதி வாழ்க்கையை நடத்தியிருக்க வேண்டும்.

1977இல் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவராகவும், 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராகவும் ஆனார். அவர் பதவியில் இருந்த காலத்தை ஆண்டுகளாக வரிசைப்படுத்தினாலே போதும். 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. 1983 வந்தது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் பல்கலைக்கழக மைதானத்தில் தரையிறங்க, வளாகமே போர்க்களமானது. 1988இல் ஓய்வு பெற்றார். 1989 ஜனவரி 21ஆம் திகதி காலமானார். அவர் பழக்கிய மாணவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். ஆனால் இரவில் கூடி ஆடக்கூடிய ஊர்கள் குறைந்துகொண்டே போயின. ஊரடங்குக்குள் மத்தளம் அடிக்க முடியாது. இளைஞர்கள் இரவில் ஒன்றுகூடினாலே சந்தேகம்.

செல்லையா அண்ணாவியாரின் வந்தாறுமூலைக்கு நான் போகும்போதெல்லாம் ஒரு விடயம் மனதை விட்டு அகல்வதில்லை. அண்ணாவியார் பல்கலைக்கழகத்தைத் தேடிப் போன காலம் போய், 1980களில் பல்கலைக்கழகமே அந்த ஊருக்கு வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அதே வளாகத்தில் 1990இல் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் செப்டெம்பர் 5ஆம் திகதி படையினரால் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. உறவினர்கள் இன்றும் தேடுகிறார்கள். ஒரு ஊரின் ஆண்களைக் கொண்டுபோனால், ஊர் இழப்பது குடும்பங்களின் தலைவர்களையும் பிள்ளைகளையும் மட்டும் அல்ல. அடுத்த கூத்துக்குச் சட்டம் வாங்க வேண்டியவர்களையும்தான்.

பிற்காலத்தில் அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மௌனகுரு ‘இராவணேசனை’ மீண்டும் தயாரித்தார். புதிய தலைமுறை மாணவர்கள் ஆடினார்கள். வித்தியானந்தன் நட்டது அங்கே தளிர்த்தது என்று சொல்லலாம்.

ஆனால் கிழக்கிலிருந்தே அவர் வழிமுறை மீது விமர்சனமும் எழுந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழுரையாகிவிடும். கூத்தைச் சுருக்கி மேடைக்கு எடுத்தபோது, ஊரிலிருந்து அது பிரிந்தது என்பது அந்த விமர்சனம். மாதக் கணக்கில் ஊர் கூடிப் பழகும் உறவு மேடையில் இல்லை. மேடையேறிய கூத்தைச் செம்மையானது என்றால், களரியில் ஆடுவது செம்மையற்றது என்றாகிவிடும். சி. ஜெயசங்கரும் சீலாமுனைக் கூத்தர்களும் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்க முயற்சி இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. கூத்தை மாற்றுவதென்றால் ஊருக்குள்ளேயே, ஆடுகிறவர்களே பேசி மாற்ற வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு.

என் பார்வையில் இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. வித்தியானந்தன் இல்லையென்றால் கூத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் விவாதிக்கவே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவருக்கு முன்னால் இருந்த பிரச்சினை, படித்தவர்களின் கண்ணில் கூத்துக்கு மதிப்பு இல்லை என்பது. அதை அவர் தீர்த்தார். யுத்தத்துக்குப் பிறகு நமக்கு முன்னால் இருக்கும் பிரச்சினை வேறு. மதிப்பு இருக்கிறது, விழாவும் நடக்கிறது, மேடையும் ஒலிபெருக்கியும் பிரதம விருந்தினரும் இருக்கிறார்கள். ஆடுவதற்கு ஊர் தேவைப்படுகிறது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் போக, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் போக, எஞ்சியிருப்பவர்களைச் சேர்த்து ஒரு ஊராக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை ஒன்றரை மணித்தியால மேடையால் மட்டும் செய்ய முடியாது. மாதக் கணக்கில் பழகும் களரியால் கொஞ்சமாவது முடியும்.

அதனால்தான் பட்டறைகளில் நான் விழா மேடையைவிடப் பழக்கும் இடத்தையே அதிகம் பார்க்கிறேன். அங்கே ஒரு முதியவர் மத்தளத்தோடு இருப்பார், எதிரே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், இப்போது பெண் பிள்ளைகளும். வளவாளருக்குக் கொடுப்பனவு என்று ஒரு தொகை கடித உறையில் வரும். அழைப்பிதழில் அதிகாரிகள் எல்லோரின் பெயரும் இருக்கும், அண்ணாவியாரின் பெயர் பல வேளைகளில் இருக்காது. நிகழ்ச்சி நிரலில் கலைநிகழ்வு என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.

வித்தியானந்தனின் வாழ்க்கையிலிருந்து இன்று உடனே செய்யக்கூடியதாக ஒன்றை எடுப்பதென்றால், நான் இதை எடுப்பேன். அவர் அண்ணாவிமாரை அழைத்து, மேடையில் அமர வைத்து, அவர்களை ஆசிரியர்கள் என்று ஏற்றுக்கொண்டார். அதற்குப் பெரிய நிதியொதுக்கீடு தேவைப்படவில்லை. அடுத்த விழாவின் அழைப்பிதழை அச்சிடக் கொடுப்பவர்கள் அண்ணாவியாரின் பெயரை முதலில் எழுதலாம். அவரிடம் மிச்சமிருக்கும் பாட்டுகளை அவர் இருக்கும்போதே ஒரு கைத்தொலைபேசியிலாவது பதிவு செய்யலாம், ஒரு கொப்பியில் எழுதலாம். வராமல் போன பாட்டுகளைக் கேட்கப் போக நமக்கு இன்னொரு அண்ணாவியார் எப்போதும் இருக்கப் போவதில்லை.