கொடியைக் காத்த லமார்த்தீன்

தேர்தல் வந்துவிட்டால் அபேட்சகரின் பழைய காரியங்களைத் துருவி ஆராய்வது ஜனநாயக தேசங்களில் எங்குமுள்ள வழக்கம். எந்தக் கொடியின் கீழ் நின்றார், எந்தக் கொடியை எதிர்த்தார் என்ற கேள்விகள் அப்போது கிளம்பும். அவ்வாராய்ச்சி தவறென்று நாம் கூறோம். வாக்குக் கேட்க வருபவர் தம் சரித்திரத்தையும் உடன் கொண்டுதான் வரவேண்டும். ஆயினும் கொடியின் பொருட்டு ஒருவர் செய்த செயலுக்கு வாக்குப் பெட்டி வழங்கும் தீர்ப்பே இறுதித் தீர்ப்பாகுமா? இதற்கு விடை காண விரும்புவோர், பிரஞ்சு தேசத்தின் கவியும் ராஜதந்திரியுமான அல்போன்ஸ் தெ லமார்த்தீனின் வாழ்க்கையை அறிதல் நன்று.

1790-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி மாக்கோன் நகரில் ஒரு பிரபு குடும்பத்தில் அவர் பிறந்தார். புரட்சியின் கொடுங்காலத்தில் அவர் தந்தை சிறையிலிருந்தார். ஆகவே இளமையில் அவர் மன்னர் கட்சியைச் சார்ந்திருந்ததில் வியப்பில்லை. 1814-ல் பதினெட்டாம் லூயி மன்னரின் மெய்க்காவற் படையிற் சேர்ந்தார். அன்று அவர் வணங்கியது பூர்போன் வமிசத்தாரின் வெள்ளைக் கொடி. 1820-ல் வெளிவந்த சிறு கவிதைத் தொகுதி ஒன்று அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது. பின்னர் இத்தாலியில் ராஜதந்திர உத்தியோகம் பார்த்தார். 1830-ஆம் ஆண்டுப் புரட்சியில் பூர்போன் அரசு வீழ்ந்ததும் அவ்வுத்தியோகத்தைத் துறந்தார். 1833-ல் சட்டசபைப் பிரதிநிதியானார். ஆண்டுகள் செல்லச்செல்ல ஏழைகளின் துயரும், வாக்குரிமையைச் செல்வர் சிலரே அனுபவித்த அநீதியும் அவர் மனத்தை மாற்றின. 1847-ல் அவர் எழுதி வெளியிட்ட ஜிரோந்தியரின் சரித்திரம், குடியரசு எண்ணத்தை மக்களிடையே தூண்டிவிட்டது.

1848 பிப்ரவரி 24-ல் லூயி பிலிப் மன்னர் முடி துறந்தார். இளவரசரின் பெயரால் அவர் தாய் ஆட்சி நடத்தலாமென்ற யோசனையைச் சபையில் லமார்த்தீன் எதிர்த்து நின்றார். தற்காலிக சர்க்கார் ஏற்பட்டது; அதில் அவர் அந்நிய நாட்டு மந்திரியாயினார். மறுநாளே பெரும் சோதனை வந்தது. ஆயுதந் தாங்கிய தொழிலாளர் கூட்டம் பாரிஸ் நகர மண்டபத்தைச் சூழ்ந்து, இனிக் குடியரசின் கொடி செங்கொடியாகவே இருக்கவேண்டுமென்று வற்புறுத்தியது.

இந்தச் செங்கொடியின் வரலாறு விசித்திரமானது. 1789-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கலகத்தை ராணுவ பலத்தால் அடக்கப்போவதாக ஜனங்களை எச்சரிப்பதற்கு அதிகாரிகள் ஏற்றிய கொடி அது. 1791 ஜூலை 17-ல் பாரிஸ் நகரத்து மார்ஸ் மைதானத்தில் மன்னரை நீக்கக் கோரிக் கூடிய ஜனங்கள் சுடப்பட்டபோது பறந்ததும் அதுவே. அடக்குமுறையின் அந்தச் சின்னத்தையே ஏழை மக்கள் பின்னாளில் தம் உரிமைச் சின்னமாக எடுத்துக்கொண்டனர். 1848-ல் அதைக் கேட்டவர்கள் வெறும் வர்ணத்தைக் கேட்கவில்லை. 1830-ல் தாங்கள் ரத்தம் சிந்தியும் பலனைப் பணக்காரர் கொண்டுபோனதை அவர்கள் மறக்கவில்லை. இம்முறையும் ஏமாறாதிருக்க ஒரு ஜாமீன் கேட்டனர்.

லமார்த்தீன் இதனை அறியாதவரல்லர். எனினும் அவர் இணங்கவில்லை. அன்று பன்முறை கூட்டத்தின் முன் வந்து நின்று பேசினார். செங்கொடி குடிமக்களின் ரத்தத்தோடு சேர்ந்த ஒரு கட்சியின் அடையாளம் என்பதும், மூவர்ணமோ புரட்சியின் புகழை உலகறியச் செய்த தேசத்தின் அடையாளம் என்பதுமே அவரது வாதத்தின் சாரம். துணைக்குப் படையில்லை, சொல்லொன்றே இருந்தது. கூட்டம் கலைந்தது, மூவர்ணம் நிலைத்தது. தொழிலாளரின் தியாகத்துக்கு மரியாதையாகக் கொடிக்கம்பத்தில் சிவப்புத் துணிப்பூ ஒன்று சேர்க்கப்பட்டது. வெள்ளைக் கொடிக்கு ஊழியஞ் செய்த பிரபு, ஏழைகளின் செங்கொடியை மறுத்து, இரண்டுக்கும் பொதுவானதைக் காத்தார்.

அந்த சர்க்காரின் காரியங்களும் சிறியனவல்ல. ராஜீயக் குற்றங்களுக்கு மரண தண்டனை ஒழிந்தது. ஏப்ரல் 27-ல் பிரஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் கட்டளை பிறந்தது. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த தேர்தலில் லமார்த்தீன் பத்து மாகாணங்களில் வெற்றி பெற்றார். அவருக்கு விழுந்த வாக்குகள் ஏறக்குறைய 16 லட்சம். அந்நாளில் அவரினும் பிரியமான மனிதர் பிரான்சில் இல்லை.

அந்தப் பிரியம் வசந்தத்தோடு முடிந்தது. மே மாதம் ஐவர் கொண்ட நிர்வாகக் குழுவைச் சபை தேர்ந்தெடுத்தபோது, தீவிரவாதியான லெத்ரு-ரோலனையும் சேர்க்கவேண்டுமென்று அவர் பிடிவாதம் செய்தார்; செல்வர் கட்சி அதனை மன்னிக்கவில்லை. ஐவரில் நான்காவதாகவே அவர் வந்தார். வேலையற்றோருக்காக ஏற்பட்ட தேசீயத் தொழிற்சாலைகளில் லட்சம் பேருக்கு மேல் பதிந்திருந்தனர். அவற்றைக் கலைக்க ஜூனில் உத்தரவு பிறந்ததும் பாரிஸ் கிளர்ந்தெழுந்தது. ஜூன் 23 முதல் 26 வரை தெருக்களில் போர் நடந்தது, தளபதி கவெஞாக் அதனை அடக்கினார், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். செங்கொடி கேட்டவர்களுக்கு மூவர்ணத்தின் கீழ் உணவும் வேலையும் கிடைக்குமென்ற நம்பிக்கை அன்று புதைக்கப்பட்டது. லமார்த்தீனின் வாழ்வில் பெருங்குறை இதுவே: கொடியைக் காத்தவரால் அக்கொடியின் வாக்குறுதியைக் காக்க முடியவில்லை.

குடியரசுத் தலைவரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கவேண்டுமென்று அக்டோபரில் சபையில் வாதாடியவர்களுள் அவரும் ஒருவர். டிசம்பர் 10-ல் அந்தத் தேர்தல் நடந்தது, அவரும் அபேட்சகர். லூயி நெப்போலியனுக்கு ஏறக்குறைய 54 லட்சம் வாக்குகள். கவெஞாக்குக்கு 14 லட்சத்துக்கு மேல். லமார்த்தீனுக்கோ பதினெட்டாயிரமும் நிறையவில்லை! எட்டே மாதத்தில் 16 லட்சம் அவ்வளவாகத் தேய்ந்தது. ஜூன் மாதத்துப் பழியை ஏழைகளும், லெத்ரு-ரோலன் நட்பைச் செல்வரும் அவர் தலையில் சுமத்தினர். இருபுறத்தாரின் கோபத்துக்கும் இடையே நின்றவருக்குக் கட்சியென்று ஒன்று இல்லை.

ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவர் 1851 டிசம்பர் 2-ல் சபையைக் கலைத்தார். அடுத்த ஆண்டு சக்கரவர்த்தியானார். லமார்த்தீன் பொதுவாழ்விலிருந்து விலகி, கடனடைக்கப் பேனாவே துணையாக முதுமையைக் கழித்தார். 1869 பிப்ரவரி 28-ல் பாரிஸில் உயிர் நீத்தார். சேன்-புவேன் கிராமத்தில் அவர் அடக்கமானார்.

பதினெட்டாயிரம் வாக்குகூடப் பெறாத அவர் காத்த மூவர்ணம் அதன் பின் ஒரு சாம்ராஜ்யத்தையும் பல குடியரசுகளையும் கண்டுவிட்டது. 1958-ஆம் ஆண்டு அரசியல் சட்டமும் அதனையே தேசக் கொடியென விதித்திருக்கிறது. அதே கொடி 1954 வரை நம் புதுச்சேரியிலும் பறந்தது. பாரிஸில் விடுதலையின் சின்னமாயிருந்தது இங்கே அந்நிய ஆட்சியின் சின்னமாயிருந்தது என்பதைத் தமிழர் அறிவர். கொடிக்குப் பொருள் கொடுப்பது அதன் நிழலில் நடக்கும் ஆட்சியேயாகும்.

ஆதலின் அபேட்சகர்களின் கொடிப் போராட்டங்களை எடைபோடும் நேயர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்பார்களாக. ஆபத்து நேர்ந்தபோது அவர் உறுதியாக நின்றாரா? தாம் உயர்த்திய கொடியின் கீழ் எளியவனுக்கு என்ன கிடைக்கச் செய்தார்? முதற் கேள்விக்கு லமார்த்தீன் குறைவற விடையளித்தார். இரண்டாவதில் தவறினார். வாக்குகளின் எண்ணிக்கை இவ்விரண்டில் எதற்கும் விடையாகாது.