அடிகளை எண்ணிய ஆசிரியர்

இமயமலைச் சாரலில், குமாவுன் மலைநாட்டில் 1830ஆம் ஆண்டு பிறந்தவர் நைன் சிங். வறுமையில் வளர்ந்த அவர் பள்ளி ஆசிரியரானார்.

அக்காலத்தில் திபெத்து நாட்டிற்குள் அந்நியர் நுழையத் தடை இருந்தது. எனவே, இந்திய நில அளவைத் துறை 1863இல் அவரைத் தேர்ந்து பயிற்சியளித்தது. ஒவ்வோர் அடியையும் ஒரே அளவாக வைக்க அவர் பழகினார். பின்னர் யாத்திரிகர் வேடத்தில் புறப்பட்டார். நூறு அடிக்கு ஒரு மணியாகச் செபமாலையை உருட்டினார். அம்மாலையில் 108 மணிகள் இல்லை, நூறே இருந்தன. ஒரு சுற்றுக்குப் பத்தாயிரம் அடி. ஏறத்தாழ ஐந்து மைல்! கணக்கெழுதிய தாளை வழிபாட்டு உருளைக்குள் ஒளித்தார். அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

பனிக்கணவாய்களைக் கடந்து, 1866 சனவரியில் லாசா நகரை அடைந்தார். நீர் கொதிக்கும் வெப்பத்தை அளந்து, அந்நகரின் உயரத்தைக் கணித்தார். 1877இல் இலண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 2004இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

மாணவச் செல்வங்களே! நிரை பிடித்து, மரம் மரமாய்ப் பால் வெட்டிய நம் முன்னோரும் இப்பொறுமையை அறிந்தவரே. புக்கிட் மெர்தாஜாம் மலையில் ஏறும்போது நாமும் நம் அடிகளை எண்ணிப் பார்ப்போம். எண்ணிக்கை தவறாது நடப்பது எத்துணை அரிதென்பது அப்போது விளங்கும்.