பறித்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்காத டாக்டர்: யார் இந்த மேரி வாக்கர்?

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்ததும், வாஷிங்டன் போய் ராணுவ டாக்டர் வேலை கேட்டார் மேரி எட்வர்ட்ஸ் வாக்கர். 1855-லேயே மருத்துவப் பட்டம் வாங்கியவர். ஆனாலும் பெண் என்பதால் ராணுவம் கையை விரித்தது. சும்மா இருப்பாரா? காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில் இயங்கிய ராணுவ மருத்துவமனையில் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்தார்.

குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கினால் கை, காலை வெட்டி எடுப்பதுதான் அன்றைய வைத்தியம். அதில் பலவும் தேவையில்லாதவை என்பது மேரியின் கணிப்பு. சக டாக்டர்களிடம் மல்லுக்கட்ட அவருக்கு ஏது பதவி? அதனால் வீரர்களிடமே போய், வேண்டாம்னு மறுக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லி வைத்தார். எத்தனை பேரின் கை, கால் இதனால் தப்பியதோ!

ஒருவழியாக ஓஹியோவின் 52-வது காலாட்படைப் பிரிவுக்கு டாக்டரானார். எல்லை தாண்டிப் போய் பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்தார். 1864 ஏப்ரலில் எதிரணியிடம் சிக்கி, ரிச்மண்ட் சிறையில் 4 மாதம். எதிரணி டாக்டர் ஒருவருக்கு ஈடாகத்தான் விடுதலையானார். டாக்டருக்கு டாக்டர்! இதில் அவருக்கு ரொம்பவே பெருமை.

1865-ல் நாட்டின் உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. 1917-ல் விதிகளைக் காட்டி 911 பேரின் விருதை ரத்து செய்தார்கள். மேரியும் அதில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 84. பதக்கத்தைத் தர மறுத்து, 1919-ல் இறக்கும் வரை அணிந்திருந்தார்.

1977-ல் விருது மீண்டும் அவர் பெயருக்கு வந்தது. அதைப் பெற்ற ஒரே பெண் இன்றும் அவர்தான்.